யூஏடி 3.6 அறிக்கை திரும்பி வருகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

அமெரிக்க வீட்டுக் கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கைகள் 2005 மார்ச்சில் வந்த படிவங்களிலேயே இத்தனை காலம் ஓடிவிட்டன. தனி வீட்டுக்கு 1004, காண்டோவுக்கு (பொது இடத்தைப் பகிரும் சொந்தக் குடியிருப்புக்கு) 1073, இரண்டு முதல் நான்கு குடியிருப்புகள் உள்ள கட்டடத்துக்கு 1025, வெளியிலிருந்து மட்டும் பார்த்தால் 2055 என்று எண்ணைச் சொன்னாலே வேலை புரிந்துவிடும். வீட்டுக் கடன்களைக் கடன் நிறுவனங்களிடமிருந்து வாங்கும் ஃபேனி மேயும் ஃபிரெடி மாக்கும் அந்த எண்களை எல்லாம் எடுத்துவிட்டு, யூஏடி 3.6 என்ற தரவு முறையில் ஒரே அறிக்கையைக் கொண்டுவந்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 8 அன்று சில கடன் நிறுவனங்களோடு தொடக்கம், 2026 ஜனவரி 26 முதல் எல்லோருக்கும் அனுமதி, 2026 நவம்பர் 2 முதல் புதிய சமர்ப்பிப்புகளுக்குக் கட்டாயம். இதுதான் அவை அறிவித்த அட்டவணை.

இந்தக் குறிப்புகள் அமெரிக்காவில் உரிமம் வைத்துக்கொண்டு மதிப்பீடு செய்பவர்களுக்கும், அவர்களுக்காகச் சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் தரவு உள்ளிட்டுத் தரம் பார்ப்பவர்களுக்கும். "சாஃப்ட்வேர் எரர்" என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி மென்பொருளின் தவறே இல்லை என்பது என் கணிப்பு. வீட்டைப் பார்க்கப் போன அன்று எடுக்காமல் விட்ட தகவல்தான் சிவப்பு எழுத்தாகத் திரும்பி வருகிறது. பழைய படிவத்தில் பெட்டிக்குள் எதையாவது சுருக்கி எழுதி, மீதியை அடெண்டத்தில் (இணைப்புத் தாளில்) தள்ளி ஒப்பேற்றிவிடலாம். புதியது அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும், இது மேசையில் உட்கார்ந்து தீருமா, இல்லை வீட்டுக்கு மறுபடி போக வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: தடுத்தது யார்?

மூன்று இடங்களில் தடை வரலாம். ஒன்று, உங்கள் மென்பொருளுக்குள் ஓடும் விதிச் சோதனை. கட்டாயப் புலம் காலியாக இருக்கிறது, இரண்டு புலங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது மாதிரியானவை இங்கேயே தெரியும். இரண்டாவது, கடன் நிறுவனம் அறிக்கையை ஏற்றும் யூசிடிபி தளம். மூன்றாவது, அதற்குப் பின்னால் உள்ள ஃபேனியின் கொலாட்டரல் அண்டர்ரைட்டர், ஃபிரெடியின் லோன் கொலாட்டரல் அட்வைசர் ஆகிய இடர் கணிப்புகள்.

முதல் இரண்டில் வருவது விதி மீறல். சரிசெய்தே ஆக வேண்டும். மூன்றாவதில் வருவது சந்தேகம். அதற்குப் பதில் சொன்னால் போதும், பல நேரம் எதையும் மாற்றத் தேவையில்லை. கொலாட்டரல் அண்டர்ரைட்டர் 1.0 முதல் 5.0 வரை மதிப்பெண் போடும், 5 என்றால் இடர் அதிகம். 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் சொத்தின் மதிப்பு தொடர்பான பொறுப்பிலிருந்து கடன் நிறுவனத்துக்கு விலக்கு கிடைக்கலாம். அவர்கள் 2.6 வந்ததும் பதறி உங்களுக்கு மெயில் அனுப்புவது இதனால்தான். அந்தப் பதற்றத்துக்காக காம்பை, அதாவது ஒப்பிட எடுத்த விற்பனை வீட்டை, மாற்றாதீர்கள். கேள்வி என்ன என்று எழுத்தில் கேளுங்கள், காரணத்தை அறிக்கையின் உரிய பிரிவில் எழுதுங்கள்.

அறிகுறி: ஆர்டர் ஒன்று, திறந்த அறிக்கை வேறு

ஆர்டர் தாளில் இன்னும் 1004 என்றே இருக்கும், கடன் நிறுவனம் எதிர்பார்ப்பது 3.6 ஆக இருக்கும். அல்லது நேர்மாறாக. இரண்டு முறைகளும் ஒன்றாக ஓடும் மாதங்களில் இது நடக்கத்தான் செய்யும். வேலையைத் தொடங்கும் முன்பே பழைய யூஏடி 2.6-ஆ புதிய 3.6-ஆ என்று ஒரு வரி கேட்டு, பதிலை வொர்க்ஃபைலில், அதாவது அந்த மதிப்பீட்டுக்கான ஆவணக் கோப்பில், போட்டு வையுங்கள்.

பாதி வழியில் தெரிந்தால், பழைய கோப்பை அப்படியே மாற்றும் பொத்தானை நம்பாதீர்கள். பழைய முறையில் வீட்டின் நிலை எண்ணை வைத்து "சி3;" என்று தொடங்கி, சமையலறை எப்போது புதுப்பிக்கப்பட்டது, குளியலறை எப்போது என்று அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் அடைத்தோம். விற்பனைத் தேதிக்கு "எஸ்06/25;சி05/25" என்று எழுதினோம் (எஸ் விற்பனை முடிந்த மாதம், இங்கே சி ஒப்பந்தம் ஆன மாதம்). புதிய முறையில் இவை ஒவ்வொன்றும் தனிப் புலம். உங்கள் பழைய காம்ப் சேமிப்பிலிருந்து இழுத்தால் அந்த வரி முழுவதும் ஒரு புலத்தில் போய் விழும், மற்றவை காலியாக நிற்கும்.

குளியலறை எண்ணிக்கைதான் இதில் மோசமானது. பழைய முறையில் 2.1 என்றால் இரண்டு முழு, ஒரு அரை. புதியதில் முழுவும் அரையும் தனித்தனி. இறக்குமதியில் 2 மட்டும் வந்து அரைக் குளியலறை காணாமல் போனால் சோதனை அதைப் பிடிக்காது, ஏனென்றால் 2 என்பது செல்லுபடியாகும் எண்தானே. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. மேசையிலேயே தீரும்.

அறிகுறி: ஒரு பிரிவையே காணோம்

புதிய அறிக்கை சொத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். நீங்கள் முன்னால் சொன்ன பதில்தான் பின்னால் வரும் பிரிவைத் திறக்கிறது. துணைக் குடியிருப்புக்கு, அதாவது ஏடியூவுக்கு, இடமே வரவில்லை என்றால் சொத்து விவரத்தில் ஏடியூ எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும். பலர் அதைக் குடியிருப்புகள் எண்ணிக்கையில் சேர்த்து 2 என்று போட்டுவிடுகிறார்கள். உடனே அறிக்கை அதை இரட்டை வீடாக நினைத்துக்கொண்டு வேறு கேள்விகள் கேட்க ஆரம்பிக்கும். ஏடியூ தவிர்த்த குடியிருப்புகள் எத்தனை, ஏடியூ எத்தனை என்று இரண்டு தனி எண்கள். கொல்லையில் ஏடியூ உள்ள தனி வீடு என்றால் 1, 1.

தனிக் கொட்டகை, வாடகை விவரம், ஃபாக்டரியில் செய்து கொண்டுவந்து வைத்த வீடு, காண்டோ திட்ட விவரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிரிவைத் தேடி அலையாமல், அதைத் திறக்கும் கேள்வியைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கேள்வியின் பதிலை ஆமாம் என்பதிலிருந்து இல்லை என்று மாற்றினால், அந்தப் பிரிவில் தட்டியது அழிந்துபோகலாம். ஒளிந்திருக்குமா, அழிந்திருக்குமா என்பது மென்பொருளைப் பொறுத்தது. மாற்றும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: பரப்பளவு பொருந்தவில்லை

அதிக நேரம் தின்னும் பிழை இதுதான். ஃபேனி மே 2022 ஏப்ரல் 1 முதல் ஆன்சி இசட்765 அளவு முறையைக் கேட்கிறது, ஃபிரெடி மாக்கும் பிறகு அதே வழிக்கு வந்துவிட்டது. ஆகவே விதி புதிதில்லை. அந்த விதியின்படி பிரித்துத் தருகிறீர்களா என்று இப்போது புலம் புலமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அற்பமான காரணத்தைப் பாருங்கள். 24 அடி 6 அங்குலத்தை யாராவது 24.6 என்று தட்டியிருக்கிறார்களா? அது 24.5. நாற்பது அடி நீளச் சுவரோடு பெருக்கினால் 980-க்குப் பதில் 984 வரும். வரைபடம் ஒன்று சொல்லும், புலம் ஒன்று சொல்லும். களத்தில் அங்குலத்தில் குறித்து, மேசையில் பதின்மத்தில் ஏற்றும் அணிகளில் இது சகஜம். யார் எந்த அலகில் எழுதுவது என்று முன்கூட்டியே பேசிவைத்தால் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது அடித்தளம். சரிவான மனையில், பின்பக்கம் கதவு திறந்து நேரே தோட்டத்துக்குப் போகலாம், முன்பக்கம் மண்ணுக்குள் இருக்கும். உள்ளே கிரானைட் மேடை, நல்ல உயரம், படுக்கையறை எல்லாம் உண்டு. இருந்தாலும் அந்தத் தளத்தின் ஏதேனும் ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் முழுத் தளமும் தரைக்குக் கீழ்தான். விற்பனை விளம்பரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கலாம், உங்கள் அறிக்கையில் தரைக்கு மேல் 1,500, கீழே 900 என்று வரலாம். வீட்டுக்காரர் கோபப்படுவார், தரகர் அதைவிட அதிகமாக. எண்ணை மாற்றாமல், வித்தியாசம் எதனால் என்று பரப்பளவுக் குறிப்பில் எழுதுங்கள். காம்புகளுக்கும் அதே பிரிப்பைச் செய்தீர்களா என்பதும் முக்கியம். உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு, காம்புக்கு எம்எல்எஸ் (தரகர்களின் விற்பனைப் பட்டியல்) கணக்கு என்றால், இரண்டு வீடுகளின் வித்தியாசத்துக்காக விலையில் கூட்டிக் குறைக்கும் திருத்தத் தொகை கோணலாகிவிடும்.

மூன்றாவது, சாய்ந்த கூரை உள்ள மாடி அறை. ஐந்தடி உயரத்துக்குக் கீழே உள்ள இடம் கணக்கிலேயே வராது. மீதி இடத்தில் குறைந்தது பாதிக்கு ஏழடி உயரம் இருக்க வேண்டும். அறை 30 அடி நீளம், ஐந்தடி உயரம் கிடைக்கும் அகலம் 14 அடி என்றால் 420 சதுர அடி. ஏழடி உயரம் கிடைக்கும் அகலம் 8 அடி என்றால் 240, பாதிக்கு மேல், 420-ம் தரைக்கு மேலான பரப்பில் சேரும். அந்த அகலம் 6 அடிதான் என்றால் 180, பாதிக்குக் கீழ். அப்போது அறை தரநிலைக்கு உட்படாத முடிக்கப்பட்ட பரப்பில் போகும். காணாமல் போகாது, இடம் மாறும். மதிப்பு உண்டா என்பது சந்தை சொல்ல வேண்டிய விஷயம்.

இந்த இரண்டு அகலங்களும் உங்கள் குறிப்பில் இல்லையென்றால், மேசையில் தீராது. வண்டியை எடுக்க வேண்டியதுதான். புகைப்படத்தைப் பார்த்து உயரத்தை ஊகித்து எழுதும்படி தரவு உள்ளிடுபவரைக் கேட்காதீர்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. கீழிறங்கும் படிக்கட்டின் பரப்பு எந்தத் தளத்திலிருந்து இறங்குகிறதோ அந்தத் தளத்தில் சேரும். இரண்டு தள உயர முகப்புக் கூடத்தின் மேல்தள வெற்றிடம் சேராது. அப்புறம், அடுக்குமாடி பாணிக் காண்டோவுக்கு உட்புற அளவுதான், ஆன்சி முறை அதற்கில்லை.

அறிகுறி: தரம், நிலை எண்கள் முட்டிக்கொள்கின்றன

பழைய படிவத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு க்யூ (கட்டுமானத் தரம்), ஒரு சி (நிலை). இப்போது வெளிப்புறத்துக்குத் தனி, உட்புறத்துக்குத் தனி, கடைசியில் ஒட்டுமொத்தம். வெளியே சி4, உள்ளே சி3 என்று போட்டுவிட்டு ஒட்டுமொத்தத்துக்கு சி2 என்றால் கேள்வி வரும். சராசரி எடுக்கவும் கூடாது. அந்தச் சந்தையில் வாங்குபவர் எதற்கு அதிக எடை கொடுக்கிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்து, காரணத்தை இரண்டு வரியில் எழுத வேண்டும்.

எண்ணின் வரையறையைத் திரும்பப் படிப்பது நல்லது. சி1 என்றால் இதுவரை யாரும் குடியேறாத புது வீடு. சி4-இல் சிறு பராமரிப்பு பாக்கி இருக்கும், சி5-இல் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், சி6 என்றால் பாதுகாப்பையோ கட்டட உறுதியையோ பாதிக்கும் சேதம். தெருவில் உள்ள மற்ற வீடுகளைவிட நன்றாக இருக்கிறது என்பதற்காக சி3 ஆகாது. வரையறைக்கு நேராக வைத்துத்தான் எண்.

ஒரே காம்பை போன மாதம் சி3 என்றும் இந்த மாதம் சி4 என்றும் எழுதினால் கணினி கண்டுபிடித்துவிடும். மற்ற மதிப்பீட்டாளர்கள் அதே வீட்டுக்கு என்ன போட்டார்கள் என்பதும் அதனிடம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் காரணம் கையில் இருக்க வேண்டும்.

சென்னை மேசைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. எண்களைத் தட்டுவது எழுத்தர் வேலை. படத்தைப் பார்த்து இது சி3, இது க்யூ4 என்று தீர்மானிப்பதும், எந்த காம்ப் என்று தேர்ந்தெடுப்பதும் மதிப்பீட்டு உதவி. யூஎஸ்பேப் என்ற மதிப்பீட்டாளர் நடைமுறை விதிப்படி குறிப்பிடத்தக்க மதிப்பீட்டு உதவி செய்தவரின் பெயரும் உதவியின் அளவும் அறிக்கையில் வர வேண்டும். உங்கள் பெயர் வராத வேலைக்கு உங்கள் தீர்ப்பைக் கேட்டால், புலத்தைக் காலியாக விட்டுத் திருப்பி அனுப்புங்கள். அனுப்புகிறவர் முகம் சுளித்தாலும் அதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

அறிகுறி: "உள்ளபடியே" என்று போட்டால் சிவப்பு

குறைகள், சேதங்கள் அட்டவணையைத் திறந்து பாருங்கள். அங்கே ஒவ்வொரு குறைக்கும் என்ன, எங்கே, கட்டட உறுதியைப் பாதிக்குமா, என்ன செய்ய வேண்டும் என்று வரிசை உண்டு. ஒரு வரியில் பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முடிவில் மதிப்பு உள்ளபடியே, அதாவது வீடு இப்போதிருக்கும் நிலையில், என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. பழுதுக்கு உட்பட்டது என்று மாற்றுங்கள், அல்லது அந்தக் குறைக்குப் பழுது தேவையில்லை என்றால் அந்த வரியை மாற்றுங்கள். எது உண்மையோ அது. எது சிவப்பை அணைக்கிறதோ அது இல்லை.

கூரையில் நீர்க்கறை இருக்கிறது, காரணம் தெரியவில்லை. அப்போது நீங்கள் பொறியாளர் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஆய்வு தேவை என்று போடுவதே நேர்மை. சி6 வீட்டை உள்ளபடியே என்று அனுப்பினால் ஃபேனி, ஃபிரெடி இரண்டும் கடனை ஏற்காது.

அறிகுறி: படங்கள் விடுபடுகின்றன, ஜிப் ஏற மறுக்கிறது

இப்போது போவது வெறும் பிடிஎஃப் அல்ல. எக்ஸ்எம்எல், பிடிஎஃப், படங்கள் மூன்றும் சேர்ந்த ஜிப். படங்கள் கடைசியில் மொத்தமாக இல்லாமல் அந்தந்தப் பிரிவோடு போகின்றன. அதனால் குளியலறைப் படம் குளியலறையோடு இணைந்திருக்க வேண்டும். பெயரில்லாத நாற்பது படங்களை மேசைக்கு அனுப்பினால் மேல்மாடிக் குளியலறை எது, கீழ் எது என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் நிற்கும்போதே செயலியில் அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படம் எடுங்கள். ஐஃபோன் ஹெச்இஐசி படங்கள் தகராறு செய்தால், கேமரா அமைப்பில் அதிகப் பொருத்தம் உள்ள வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஜிப்பை விரித்து, பிடிஎஃப் பெயரை மாற்றி, மறுபடி சுருட்டி அனுப்பாதீர்கள். எக்ஸ்எம்எல் பழைய பெயரைத்தான் தேடும். திருத்தம் எதுவானாலும் மென்பொருளுக்குள் செய்து புதிதாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

அறிகுறி: சந்தை ஏறுகிறது, திருத்தம் பூஜ்யம்

சந்தைப் பிரிவில் விலை ஏறுகிறது என்று வரைபடத்தோடு காட்டிவிட்டு, ஏழு மாதம் பழைய காம்புக்கு நேரத் திருத்தம் பூஜ்யம் என்றால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். திருத்தத்தை விற்பனை முடிந்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள், ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து மதிப்பீட்டு நாள் வரை. விலை பேசி முடித்தது அன்றுதான். பூஜ்யமே சரி என்றால், அந்த முடிவுக்குக் கொண்டுவந்த தரவை அதே பிரிவில் வையுங்கள்.

எம்எல்எஸ்ஸில் தேடிய நிபந்தனைகளையும் அன்றே சேமியுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே தேடலை ஓட்டினால் வேறு எண் வரும்.

அறிகுறி: ஒரு சொல்லுக்காகத் திரும்பியது

"பாதுகாப்பான பகுதி", "நல்ல பள்ளிகள்", "விரும்பத்தக்க அக்கம்பக்கம்" என்று வருடக்கணக்கில் ஒட்டிவந்த தயார் வாக்கியங்கள்தான் பெரும்பாலும் காரணம். யாருக்கு விரும்பத்தக்கது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் நிழல் இந்தச் சொற்கள் மேல் விழும். அங்கே வாழ்பவர்கள் யார் என்பதைத் தொடும் எதுவும் வேண்டாம். ரயில் நிலையம் அரை மைல், நெடுஞ்சாலை பின்சுவரை ஒட்டி என்பது போல அளக்கக்கூடியதை எழுதுங்கள். பழைய தயார் வாக்கியக் கோப்பை ஒரு மாலை உட்கார்ந்து படித்துக் களை எடுத்துவிடலாம். மேலும், ஒரே பத்தியை ஐந்து பிரிவுகளின் குறிப்பில் ஒட்டுவதை விடுங்கள், படிப்பவருக்கு எரிச்சல்தான்.

அறிகுறி: திருத்தி அனுப்பியும் பழையதே போகிறது

கையெழுத்து பூட்டப்பட்ட கோப்பில் திருத்தினால், திரும்பக் கையெழுத்திட்டுப் புதிய ஏற்றுமதி எடுக்கும் வரை வெளியே போவது பழைய ஜிப்தான். கையெழுத்துத் தேதி மாறும், மதிப்பீட்டு நாள் மாறாது. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடாதீர்கள். அனுப்பிய ஒவ்வொரு பதிப்பின் ஜிப்பையும் வொர்க்ஃபைலில் வையுங்கள். யூஎஸ்பேப் குறைந்தது ஐந்தாண்டு கேட்கிறது, அந்த வேலை குறித்து நீங்கள் சாட்சி சொன்ன வழக்கு இருந்தால் அது முடிந்து இரண்டாண்டு, எது நீண்டதோ அது.

பழுது முடிந்ததைப் பார்த்துச் சொல்லும் வேலைக்குப் பழைய 1004டி தேடாதீர்கள். அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. வேலை முடிந்ததை உறுதி செய்ய நிறைவு அறிக்கை, மதிப்பு குறைந்ததா என்று பார்க்கத் தனிப் புதுப்பிப்பு அறிக்கை. ஆர்டரில் எது என்று சொல்லாமல் "ஃபைனல்" என்று மட்டும் எழுதியிருந்தால், கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.